உட்காருங்கள் என்று சொன்ன துப்பறிவாளர்

எங்கள் தெருப் பெண்களுக்குத் துப்பறியும் கதைகளில் மிகவும் பிடித்த இடம் கொலை இல்லை, நாற்காலிதான்.

முதல் பக்கத்திலேயே அது வந்துவிடும். சென்னையில் ஒரு மாடி அறை. துப்பறிவாளர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ மூச்சு வாங்கப் படியேறி வந்து கதவைத் தட்டுவார்கள். வந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிரே இருக்கிற நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள். பதற்றப்படாமல் சொல்லுங்கள்" என்பார் துப்பறிவாளர். நான் இந்த இடத்துக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்கா கையைக் காட்டி நிறுத்துவாள்.

"இரு, இரு. வந்தது யாரு? பணக்காரனா?"

"இல்லக்கா. சமையக்காரரு."

"சமையக்காரனுக்கு நாக்காலி குடுத்தானா?"

"குடுத்தாரு."

"இன்னொருக்கா படி."

இன்னொரு முறை படிப்பேன். பண்ணை வாசலில் கைகட்டி நின்றே பழகிய பெண்கள், யாரோ ஒரு சமையல்காரர் நாற்காலியில் உட்காருவதைக் காதாரக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கும் எனக்குத் துப்பறியும் கதைப் பைத்தியம் விடவில்லை. அதிலும் சிறுகதைத் தொகுப்பாக இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். வயசான காலத்தில் ஆன்மிகப் புத்தகம் படிக்கக்கூடாதா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு துப்பறியும் கதைப் புத்தகம் எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றவும் பார்த்தது, இன்னொரு உயிரை வாங்கவும் பார்த்தது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகி ஒரு குறுவை அறுப்பும் ஒரு தாளடி அறுப்பும் முடிந்திருந்தது. சென்னையில் ஆட்சி மாறிய புதிது. புது ஆட்சி நம்ம ஆட்சி என்று எங்கள் தெரு ஆண்கள் மார் நிமிர்த்தி நடந்தார்கள். முன்போல் பண்ணையில் யாரும் தலையில் கட்டிய துண்டை மரியாதைக்கு அவிழ்க்கவில்லை. பண்ணைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலின் இந்தக் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுப் படிப்பகம் ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதற்குப் பொறுப்பு. பேப்பர் வரும், வாரப் பத்திரிகை வரும், யாராவது இனாமாகக் கொடுக்கும் பழைய புத்தகங்களும் வரும்.

அடுத்து வந்த குறுவைக்குக் கூலி உயர்த்திக் கேட்டது எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம். பண்ணை மறுத்தது. எங்கள் ஆட்கள் அறுப்பில் இறங்கவில்லை. பண்ணைக்குச் சொந்தக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். இங்கே எல்லாம் அவருடைய காரியக்காரர் வைத்ததுதான் சட்டம். அவர் மேற்கே வானம் பார்த்த சீமையிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் வந்து பண்ணை நெல்மில்லில் தங்கியது. வாய்க்காலைத் தாண்டி எங்கள் ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வந்த வேகத்தில் படிப்பகத்துக் கொட்டகையைப் பிரித்து எறிந்தார்கள். புத்தகங்களை மட்டும் முன்கூட்டியே வீட்டுக்கு ஒன்றாகப் பதுக்கியிருந்தோம். எங்கள் வீட்டுக்கு வந்தது நான் சொன்ன அந்தத் துப்பறியும் கதைத் தொகுப்பு.

அட்டை கிழிந்து போன தடிமனான புத்தகம். பல பேர் எழுதிய துப்பறியும் சிறுகதைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கதைக்குக் கதை வேறு துப்பறிவாளர். ஒருவர் மூக்குப்பொடி போடுவார். ஒருவர் யாரிடமும் குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கதையில் துப்பறிகிறவளே ஒரு விதவை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்க் கண்டுபிடித்துவிட்டு வருவாள். என் நாத்தனாருக்கு அவளைத்தான் பிடிக்கும்.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டோடு இருந்தார். பேச்சு குறைவு. பண்ணை மாட்டுக்கொட்டிலில் அவருக்கு வேலை. வேலைநிறுத்தத்திலும் சங்கம் அதை மட்டும் தடுக்கவில்லை. வாயில்லாச் சீவனைப் பட்டினி போடக்கூடாது என்று கூடிப் பேசி விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதனால் எங்கள் தெருவில் அண்ணி ஒருவர்தான் காலையும் மாலையும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்வருவார். பாலத்தில் நிற்கிற போலீஸ்காரர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

வேலை இல்லாத மத்தியானங்களைத் தள்ளுவது பெரும்பாடு. ஆண்கள் சங்கக் கூட்டம், கட்சிக் கூட்டம் என்று போய்விடுவார்கள். அல்லது போலீஸ் தேடுகிறது என்று தாழம்புதரில் கிடப்பார்கள். பெண்கள் புங்கமரத்தடியில் கூடி, அக்கரையில் வெளியூர்க்காரன் நம் நெல்லை அறுப்பதைப் பார்த்துக்கொண்டு வயிறெரிந்து உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் எட்டாவது வரை படித்த பெண் நான் ஒருத்திதான். ஒரு நாள் பொழுது போகாமல் வாய்விட்டுப் படித்தேன். மறுநாள் மரத்தடியில் இடம் பிடிக்கச் சண்டை.

முதலில் பக்கத்து வீட்டில் பதுக்கியிருந்த ஒரு தொடர்கதைப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். சரிப்படவில்லை. இன்றைக்கு வந்தவள் நாளைக்கு வரமாட்டாள். போலீஸ் வண்டி வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடவேண்டும். பாதியில் விட்டதை யார் ஞாபகம் வைப்பது? சிறுகதைக்கு அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் கொலை விழுந்து, விசாரணை நடந்து, கொலைகாரன் மாட்டிவிடுவான். எங்கள் கூலிப் பிரச்சினை மாசக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. இங்கேயோ ஒரே மத்தியானத்தில் தீர்ப்பு.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கதைகளில் வருகிற போலீஸ் எப்போதும் தப்பான ஆளைத்தான் பிடிக்கும். வேலைக்காரனைப் பிடிக்கும், தோட்டக்காரனைப் பிடிக்கும். துப்பறிவாளர் வந்து, "இவன் இல்லை" என்பார். அவர் சர்க்கார் ஆள் இல்லை; யாருக்கும் கீழ்ப்பட்டவர் இல்லை. கேட்டு வந்தவர்களுக்காக மட்டும் அலைந்து திரிந்து உண்மையைக் கண்டுபிடிப்பார். அப்படி ஒரு ஆள் நம் பக்கம் இருந்தால் எப்படி இருக்கும்! அவர் "இவன் இல்லை" என்று சொல்கிற இடத்தில் தெருவே சிரித்துக் கைதட்டும். பாலத்துப் போலீஸ்காரர் இங்கே என்ன சிரிப்பு என்று திரும்பிப் பார்ப்பார்.

கேட்டுக் கேட்டு அவர்கள் தேறிவிட்டார்கள். பாதிக் கதையிலேயே யார் செய்தது என்று பந்தயம் கட்டுவார்கள். எதிர்வீட்டு அக்கா பெரும்பாலும் தோற்க மாட்டாள். "யாரு மேல சந்தேகமே வரலியோ அவுங்கதான். கதைய எழுதுறவன் நம்ம கண்ண மறைக்கிறான், அவ்வளவுதான்" என்பாள். அண்ணிக்கு மட்டும் எந்தக் கதையின் முடிவும் தெரியாது. முடிவு வருவதற்குள் மாடு பிடித்துக் கட்டுகிற நேரமாகிவிடும். எழுந்து போய்விடுவார். இருட்டும்போது திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே, "யாரு செஞ்சதாம்?" என்று கேட்பார். நான் சொல்வேன். "அடப்பாவி" என்பார், ஒவ்வொரு முறையும்.

அறுப்பு மழைக்கு நடுவே அரைகுறையாக முடிந்தது. அடித்த வைக்கோலை வெளியூர் ஆட்கள் பண்ணைக் களத்தில் பெரிய போராகப் போட்டார்கள். கொட்டிலை ஒட்டிச் சின்னப் போர் ஒன்றும் போட்டார்கள். நாங்கள் இக்கரையிலிருந்து பார்த்து, போர் போடுகிற அழகைப் பாரு என்று பழித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், பெரிய போர் தீப்பிடித்து எரிந்தது.

வாய்க்கால் தண்ணீரெல்லாம் சிவந்து தெரிந்தது. முதலில் தெருவில் யாரோ விசிலடித்தார்கள். அடித்தவனை என் வீட்டுக்காரர் ஓங்கி ஒரு அறை விட்டார். "முட்டாப்பய! இது நம்ம தலையில விடியப்போவுது" என்றார். 

அவர் சொன்னது அவர் தலையிலேயே விடிந்தது. பொழுது புலர்ந்ததும் போலீஸ் வந்து, வீட்டுக்குள் புகுந்து, பல் துலக்கிக்கொண்டிருந்தவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போனது. அதற்கு முந்தின வாரம் காரியக்காரரிடம் எல்லோர் முன்னாலும், "எங்களப் பட்டினி போட்டு அறுத்தது உங்களுக்குச் செரிக்காது" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தீவைத்த கேஸ். அதற்கு முன்னால் அந்த ஸ்டேஷனுக்குப் போய்வந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். கைவிரல்களை மடக்க முடியாமல் சோற்றை அள்ளி அள்ளிக் கீழே சிந்துவார். எனக்கு அந்தக் கைதான் கண்முன்னே நின்றது.

சங்கத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "தீ வைக்கலன்னா வச்சவன் யாருன்னு காட்டு. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள காட்டினா இவன விட்டுடுறேன்" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

அன்று மத்தியானம் புங்கமரத்தடியில் யாரும் கதை கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் துப்பறிந்தார்கள்.

நான் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஆண்களெல்லாம் தெருவில் சங்கக் கூட்டத்தில் இருந்தார்கள், சரி. பாலத்தில் போலீஸ் நின்றது, சரி. வெளியூர்க்காரன் தான் போட்ட போரைத் தானே கொளுத்த மாட்டான், சரி. அப்படியானால் அக்கரையில் இருந்தது யார்? எதிர்வீட்டு அக்கா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். புத்தகத்தில் துப்பறிவாளர் எப்படிக் கழிப்பாரோ அப்படியே.

"அந்த நேரத்துல கொட்டில்ல மூட்டம் போடுறது யாரு?" என்றாள்.

மாலையில் கொசு விரட்ட மாட்டுக்கொட்டிலில் பதரும் வேப்பிலையும் போட்டுப் புகைமூட்டம் போடுவார்கள். அதைப் போடுவது அண்ணி. அண்ணி அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எல்லோரும் அவரைத்தான் நினைக்கிறார்கள் என்று தெரிந்தது.

"வேணும்னு செஞ்சிருக்கும்னு சொல்லல" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "பொறி பறந்திருக்கும். பொம்பள, புருஷன் இல்லாதவ, தெரியாம நடந்துபோச்சுன்னா அடிக்க மாட்டானுவ. ஆம்பளைய உள்ள வச்சா உசிரோட வருவானா? நீயே சொல்லு புள்ள. நீதான படிச்ச, யாரு மேல சந்தேகமே வரலியோ..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தேன். அது அவள் தோளில் பட்டுப் புழுதியில் விழுந்தது. "இது ஒண்ணும் கதை இல்ல. இங்க எல்லாரும் உசிரோட இருக்கோம், நெனப்பிருக்கா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, பொறி பறந்திருக்குமோ என்ற நினைப்பு எனக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. அதை எடுத்து வெளியே போட என்னால் முடியவில்லை.

அண்ணி எழுந்து வந்து புத்தகத்தை எடுத்தார். முந்தானையால் புழுதியைத் துடைத்து என் மடியில் வைத்தார். "வூட்டுக்கு வா புள்ள" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். "அவ சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். எனக்கே தெரியல. மூட்டத்த அணைச்சுட்டுத்தான் வந்தேன்னு நெனைக்கிறேன். நெனைச்சு நெனைச்சுப் பாத்தா அணைச்சனான்னே சந்தேகமா இருக்கு" என்றார். "நான் போயிச் சொல்லிடுறேன். தம்பி வந்துரட்டும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கைவிரல் மடங்காத அந்த மனுஷர் சோறு சிந்துவதுதான் திரும்பத் திரும்ப வந்தது. என் புருஷன் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது.

அண்ணி கொடியில் கிடந்த நல்ல புடவையை எடுத்தார். பிறகு அதை அப்படியே போட்டுவிட்டு, "மொதல்ல கொட்டிலுக்குப் போயி மாட்ட அவுத்து வேற எடத்துல கட்டிட்டு வந்துடுறேன். நான் உள்ள போயிட்டா யாரு பாப்பா? அந்தச் சின்னப் போரு பக்கத்துல நிக்கவே முடியல, அனலா வருது. கன்னுக்குட்டி தவிக்குது" என்றார்.

"என்ன அனலு?"

"ஈர வைக்கலு. மழையில நனைஞ்சத ஒணத்தாம அப்படியே ஏத்திட்டானுவ. நேத்து காலையில மாட்டுக்குப் புடுங்கக் கைய விட்டேன், உள்ள விட முடியல. சுடுசோத்துல கைய விட்டாப்புல இருக்கு. மேல காலையில ஆவி போவுது."

மாட்டுக்காரி ஒருத்தி மட்டமான வேலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிற குரலில்தான் அதைச் சொன்னார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. குறுவை வைக்கோலை ஈரத்தோடு போர் போடக்கூடாது, உள்ளே புழுங்கித் தானே பற்றிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அப்படிப் போட்டதில்லை. அதனால் அப்படி எரிந்ததை யாரும் கண்ணால் கண்டதில்லை. குறுவையும் மழையும் ஒன்றாக வராத சீமைக்காரன் காய்ந்த சோளத்தட்டையைப் போடுவதுபோல் போட்டிருக்கிறான். போர் போடுகிற அழகைப் பழித்த நாங்கள், தீ என்றதும் அதை மறந்தோம். வைத்தவன் யார் என்று மட்டும்தான் தேடினோம். புத்தகத்தில் எல்லாக் கதையிலும் யாரோ ஒருவன் செய்திருப்பான்.

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். சொன்னேன்.  எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப யாரும் வாயத் தொறக்காதீங்க. சின்னப் போரும் எரியட்டும். அங்க போலீஸ் காவல் போட்டிருக்கானுவ. இவளோட புருஷன் லாக்கப்புல இருக்கான். தானா எரிஞ்சா கேஸ் தானா ஒடஞ்சுபோவும்."

என் மனசுக்குள் ஒரு பெரிய வெளிச்சம் வந்தது. ஆமாம், எரியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மாடு கட்டியிருக்கு" என்றார் அண்ணி.

"அவுத்து விட்டுட்டு வந்துரு."

அண்ணி தலையாட்டிவிட்டுப் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் அந்தப் புத்தகம் எனக்கு வேலை செய்தது. துப்பறிவாளர் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்பாரே, அந்தக் கேள்வி அப்படியே என் காதில் கேட்டது. தீப்பிடிக்கப் போவது முன்கூட்டியே தெரியாதவள், மாடுகளை ஏன் முன்கூட்டியே அவிழ்த்தாள்?

ஓடிப்போய் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "போவாதீங்க அண்ணி. நீங்க மாட்ட அவுத்த பின்னாடி அது எரிஞ்சா, ரெண்டு தீயும் உங்க தலையிலதான். கொட்டில்ல இருந்தது நீங்க, மூட்டம் போட்டது நீங்க, மாட்ட மட்டும் காப்பாத்துனது நீங்க. என்ன சொன்னாலும் எடுபடாது."

"அதுக்காவ மாட்ட எரிய விடுறதா?"

"இல்ல. எல்லாருமாப் போவோம். பட்டப்பகல்ல போவோம். அவுங்க கண்ணு முன்னாடியே போரப் பிரிக்கச் சொல்லுவோம்."

உத்தரவை மீறி வாய்க்காலைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அண்ணியோடு நடந்தேன். பாலத்துக்குப் போகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் எதிர்வீட்டு அக்கா இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் குடங்களோடு வந்தார்கள். "தீயப் பாக்கப் போறவ வெறுங்கையோடவா போவா?" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

பாலத்தில் போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். நிற்காமல் நடந்தோம். அவர் விசில் ஊதினார். பண்ணை வாசலுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் காரியக்காரர். அந்த நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"என்னடி கூட்டம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தீ வச்சது யாருன்னு காட்டச் சொன்னீங்களாம். காட்ட வந்திருக்கேன்."

"யாரு?"

"கொட்டிலாண்ட இருக்க போரப் பிரிக்கச் சொல்லுங்க. உள்ள இருக்கு."

காரியக்காரர் எழுந்துவிட்டார். "சார், ஒரு போர எரிச்சாச்சு. இன்னொன்னப் பிரிச்சு மழையில அழுவ விடப் பாக்குறாளுவ. நம்பாதீங்க."

"உள்ள சூடு இல்லன்னா என்னயும் அவரோட சேத்து உள்ள போடுங்க" என்றேன். 

இன்ஸ்பெக்டர் என்னையும் குடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டு மேலேயிருந்து பிரிக்கச் சொன்னார். மேல் வைக்கோல் நல்ல மஞ்சளாக இருந்தது. காரியக்காரர் சிரித்தார். இன்னும் கொஞ்சம் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை.  அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

பிறகு ஆவி வந்தது. போர் மேல் நின்றவன் "ஐயோ, காலு!" என்று குதித்தான். உள்ளே வைக்கோல் பழுப்பாக, அதற்கும் உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. புளித்த, கருகிய வாடை அடித்தது. நடுவில் ஒரு வைக்கோல் கட்டைப் புரட்டியதும் கரேலென்று கரியாகிக் கிடந்த பொந்து தெரிந்தது. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதிலிருந்து தீ நாக்கு ஒன்று எழும்பியது. யாரும் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், காரியக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், காவல் நின்ற போலீஸ்காரர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். பெண்கள் குடத்தைக் கவிழ்த்தார்கள். அண்ணி என் கையை விட்டுவிட்டுக் கொட்டிலுக்கு ஓடிக் கன்றுக்குட்டியை அவிழ்த்தார்.

"பெரிய போரும் இவனுவ போட்டதுதானா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

 காரியக்காரர் பக்கத்தில் நின்ற வெளியூர் ஆளை ஓங்கி அறைந்தார். அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்ல அறுப்பு நேரத்துல மழையே இல்லைங்க" என்றான். எனக்கு அவன்மேல் அத்தனை நாளாக இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் அழுதேன்.

கொஞ்ச காலத்தில் கூலி விஷயமும் பேசி ஒருவழியாக முடிந்தது. படிப்பகத்துக்கு மறுபடி கீற்று வேய்ந்தார்கள். மரத்தடியில் மறுபடி கதை கேட்க ஆரம்பித்தார்கள். நாற்காலி வரும் இடத்தை மறுபடி இரண்டு முறை படித்தேன். அண்ணி மட்டும் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா அவரைக் கூப்பிட ஒரு நாள் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி வாங்கிக்கொண்டார், மாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். மாட்டுக்கு நேரம் ஆகியிருக்கவில்லை. பாலத்துக் காவலை இன்னும் எடுக்கவில்லை. தாண்டிப் போகும்போது போலீஸ்காரர் இப்போது அவரை நிமிர்ந்து பார்த்தார். தெருவில் பெண்கள் அவரைப் பார்த்தால் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். சாயங்காலம் மூட்டம் போடும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அக்கரையைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அண்ணிக்கு அது தெரியும்.

ஒரு நாள் இருட்டும் நேரம் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் யார் செய்தது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏம்புள்ள, அந்தப் பொஸ்தகத்துல, இவன் செய்யல, இவ செய்யலன்னு கடைசியில சொல்லுவாரே, அவுங்கள்லாம் அப்புறம் என்ன ஆவறாங்க?" என்றார்.

"எவங்க அண்ணி?"

"சந்தேகப்பட்டாங்கல்ல, அவுங்க. அதுக்கப்புறம் அவுங்ககிட்ட யாராச்சும் முன்ன மாதிரி பேசுறாங்களா?"

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். கொலைகாரனுக்கு விலங்கு மாட்டியதும் கதை முடிந்துவிடுகிறது. போலீஸ் தப்பாகப் பிடித்த வேலைக்காரனும் தோட்டக்காரனும் அதற்கு முந்தின பக்கத்தோடு போய்விட்டார்கள். அண்ணிக்குப் பிடித்த அந்த விதவை துப்பறிந்த கதையிலும் அப்படித்தான். அண்ணி அடுப்படியில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.

"அதப் பத்தி ஒண்ணும் போடல அண்ணி" என்றேன்.

"அதான்" என்றுவிட்டு எனக்குச் சோறு போட உட்கார்ந்தார்.